ரெக்கார்ட் ரூமைக் காலி செய்ய எவ்வளவு ஆகும்? ஆவண அழிப்புச் சேவைகள் பற்றி ஓர் அலசல்

பழைய ஆவணங்களை அழிக்க கொட்டேஷன் கேட்டால் பெரும்பாலும் ஒரே வரிதான் வரும்: கிலோவுக்கு இத்தனை ரூபாய், ஜிஎஸ்டி தனி. மூன்று இடத்தில் கேட்டு, இருப்பதில் குறைந்ததைப் பிடித்து, பில் வந்ததும் நிர்வாகத்துக்கு விளக்கம் எழுதுவது பல அலுவலகங்களில் நடக்கிற கதை. கிலோ விலையைப் பேரம் பேசுகிறோம், கிலோவை யாரும் பேசுவதில்லை. அலமாரியில் இருக்கும்வரை எத்தனை கிலோ என்று இரு தரப்புக்கும் தெரியாது. வண்டியில் ஏறிய பிறகு எடை போடுபவருக்கு மட்டும் தெரியும். அதனால் சென்னை போன்ற ஊரில் கிடைக்கும் நான்கு வழிகளையும் எடையை மையமாக வைத்தே இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். நிறுவனப் பெயர்கள் இல்லை. ரூபாய்க் கணக்குகள் எல்லாம் கணக்குப் போடும் முறையைக் காட்ட வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

யாரையும் கூப்பிடும் முன் எடையை நீங்களே போடுங்கள்

தராசு வேண்டாம், டேப் போதும். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்று 4.68 கிராம். 500 தாள் ரீம் 2.34 கிலோ. அதே ஜிஎஸ்எம்மில் லீகல் தாள் 5.76 கிராம், அதாவது கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல். வக்கீல் அலுவலகமும் பத்திரப் பிரதிகள் வைத்திருப்பவர்களும் ஏ4 கணக்கில் போட்டால் அங்கேயே தவறிவிடும். வரிக்கு 132 எழுத்து அச்சாகும் பழைய அகலக் கம்ப்யூட்டர் பேப்பர், 15க்கு 12 அங்குலம், 60 ஜிஎஸ்எம் என்றால் ஒரு தாளே 7 கிராம்.

தாள் எண்ண முடியாது, ஆனால் அடி அளக்கலாம். சாதாரணத் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. இடைவெளியே இல்லாமல் அடுக்கினால் ஒரு அடி நீளத்தில் 3,000 தாள், 14 கிலோ. நிஜ அலமாரியில் அப்படி இருக்காது. டேக் போட்டுக் கட்டிய கோப்புகள் நெருக்கமாக நின்றால் அடிக்கு 12 கிலோ என்று வைக்கலாம். பாக்ஸ் ஃபைல் என்றால் கதை வேறு. ஒரு அடியில் நான்கு நிற்கும். ஒவ்வொன்றிலும் 350 தாள் அளவுதான் இருக்கும். ஆக தாள் 7 கிலோவைத் தாண்டாது, வெறும் அட்டையும் கிளிப்பும் இன்னொரு 2 கிலோ. அலமாரி பார்வைக்கு ஒரே மாதிரி நிறைந்திருந்தாலும் தாளின் எடை பாதியாகிவிடுகிறது. நேரில் வந்து பார்த்துவிட்டு "மூன்று டன் வரும் சார்" என்று சொல்லும் மதிப்பீட்டாளர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு. மூன்றடி அகலம், ஐந்து தட்டு கொண்ட ஆங்கிள் ரேக் 12 இருக்கிறது. மொத்தம் 180 அடி. அதில் 120 அடி டேக் கோப்பு, 60 அடி பாக்ஸ் ஃபைல். 120 × 12 = 1,440 கிலோ. 60 × 7 = 420 கிலோ. தாள் 1,860 கிலோ. பாக்ஸ் ஃபைல் கூடு 60 × 2 = 120 கிலோ. மொத்தம் 1,980 கிலோ, கிட்டத்தட்ட 4 லட்சம் தாள். இதைத்தான் கீழே முழுக்கப் பயன்படுத்தப் போகிறோம்.

அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். 15 × 12 × 10 அங்குலப் பெட்டி நிரம்பினால் 2,500 தாள் வாக்கில், 12 கிலோ. பத்துப் பெட்டியைக் குளியலறைத் தராசில் நிறுத்திச் சராசரி எடுத்தால் போதும். தரைத்தளத்தில் ஈரம் ஏறிய கட்டுகள் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஐப்பசி கார்த்திகையில் அழித்தால் தண்ணீருக்கும் கிலோ விலை கொடுப்பீர்கள், கழிவுத்தாளை வாங்கும் காகித ஆலை பிறகு அதே தண்ணீரைக் கழித்துத்தான் காசு தரும். நனைந்த தாள் அரவை இயந்திரத்தின் வெட்டுச்சுருளில் பசை போல அப்பிக்கொள்ளும் என்பதால் சிலர் எடுக்கவே மாட்டார்கள். சித்திரை வைகாசியில் செய்யுங்கள்.

வழி ஒன்று: எடுத்துப்போய் அரைப்பவர்கள்

பெரும்பாலான அலுவலகங்களுக்கு இதுவே பொருந்தும். வண்டி வரும், சாக்கிலோ பூட்டிய பெட்டியிலோ ஏற்றும், அவர்களுடைய குடோனில் அரைத்து, பேல் கட்டி, அதாவது அழுத்தி இறுக்கிய கட்டுகளாக்கி, ஆலைக்கு அனுப்பும். கிலோ 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1,980 கிலோவுக்கு 19,800 ரூபாய். இங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் மாடியிலிருந்து இறக்க நான்கு லோடுமேன் ஒரு நாள், ஆளுக்கு 1,000 ரூபாய்: 4,000. வண்டி 3,500. ஆக 27,300; உண்மையில் கிலோவுக்கு 13.79 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4,914 சேர்ந்து 32,214. ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு எடுக்க, அதாவது கொடுத்த வரியைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள, முடிந்த கம்பெனிக்குக் கடைசித் தொகை ஒரு பொருட்டல்ல. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அவர்களுடைய சேவை வரிவிலக்கு பெற்றது என்பதால் வரவு கிடையாது. அந்த 4,914 கைக்காசு. மருத்துவமனை நிர்வாகிகள் வரிக்கு முந்தைய தொகையை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

வண்டிக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. டாடா ஏஸ் ஏறத்தாழ முக்கால் டன்தான் ஏற்றலாம். 1,980 கிலோவுக்கு மூன்று நடை. "வண்டி வாடகை 3,500" என்பது ஒரு நடைக்கா, முழு வேலைக்கா என்று எழுத்தில் வாங்கவில்லை என்றால் 10,500 ஆகிவிடும். 14 அடி லாரி ஒரே நடையில் முடித்துவிடும், ஆனால் ஜார்ஜ் டவுன் சந்துகளில் அது நுழையாது.

இனி எடை போடும் இடம். லாரி எடை மேடையில் காட்டும் எண் 5, 10 அல்லது 20 கிலோ படிகளில்தான் நகரும். இரண்டு டன்னுக்கு இது பெரிய விஷயமில்லை. 300 கிலோ சரக்குக்கு 20 கிலோ பிசகினால் ஏழு சதவீதம் போச்சு. சின்ன அளவு என்றால் உங்கள் வாசலிலேயே பிளாட்ஃபார்ம் தராசில் சாக்குச் சாக்காக எடை போடச் சொல்லுங்கள். தராசில் எடையளவுத் துறையின் நடப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

பெரிய சரக்கில் நடக்கும் பிசகு வேறு மாதிரி. காலி வண்டியை டிரைவர் மட்டும் இருக்கும்போது எடை போடுகிறார்கள். ஏற்றிய வண்டியை நான்கு லோடுமேன்களும் மேலே உட்கார்ந்திருக்கும்போது. ஆளுக்கு 60 கிலோ வைத்தாலும் 240 கிலோ. நம் கணக்கில் 2,400 ரூபாயும் அதற்கு வரி 432ம். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருக்க வேண்டியதில்லை, யாரும் கீழே இறங்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஆள் ஒருவர் இரண்டு முறையும் மேடையில் கூட நின்றால் தீர்ந்தது. இரண்டு சீட்டிலும் வண்டி எண், நேரம், வரிசை எண் இருக்க வேண்டும். காலி வண்டி எடையை "இதுக்கு எப்பவும் இவ்ளோதான் சார்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

தாளுக்குத் திரும்பி வரும் காசு

சேவைக்குக் காசு கொடுப்பவர்கள் மறப்பது இதை: அரைத்த தாள் ஒரு சரக்கு. வெள்ளை அலுவலகத் தாளுக்கு ஆலைகளில் எப்போதும் கிராக்கி உண்டு. கரூர் அருகே காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலையில் கழிவுத்தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவு இருக்கிறது; மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் ஐடிசியின் அட்டை ஆலை மறுசுழற்சி நாரில் ஓடுகிறது; உடுமலை, கோவை வட்டாரத்துச் சிறு கிராஃப்ட் (அட்டைப்பெட்டிக்கான பழுப்புத் தாள்) ஆலைகள் கலப்புத் தாளை வாங்கும். வெள்ளை தனியாகப் போனால் ஒரு விலை, எல்லாம் கலந்து போனால் கிராஃப்ட் விலை.

அரைத்த தாளுக்கு முழுத்தாளைவிட விலை குறைவு என்றால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். நார் வெட்டுப்பட்டுக் குட்டையாகிறது, கூழ் சல்லடையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது, வெள்ளையையும் கலரையும் பிறகு பிரிக்கவே முடியாது. எவ்வளவு பொடியாக அரைக்கச் சொல்கிறீர்களோ அவ்வளவு விலை இறங்கும்.

நம் கணக்கில் அரைத்த தாள் கிலோ 8 ரூபாய் என்றால் 1,860 × 8 = 14,880 திரும்ப வர வேண்டும். கம்பெனிக்கு நிகரச் செலவு 12,420. மருத்துவமனைக்கு 17,334. இந்தப் பணம் வருமா வராதா என்பதுதான் கொட்டேஷன்களுக்கு இடையேயான உண்மையான வித்தியாசம். கிலோ 7 ரூபாய்க்கு அரைத்துத் தாளைத் தானே வைத்துக்கொள்பவரைவிட, கிலோ 10 வாங்கி 8 திருப்பித் தருபவர் மலிவு.

இங்கே ஒரு தந்திரம் நடக்கும். சேவைக்குப் பில் 1,980 கிலோவுக்கு. தாளுக்கு வரவு "பிரித்த பிறகு நிகர எடை" என்று 1,581 கிலோவுக்கு. தாள் 1,860 கிலோவில் 15 சதவீதம் கழிவு, காரணம் கேட்டால் அட்டை, பிளாஸ்டிக், ஈரம். 2,232 ரூபாய் அப்படிப் போகிறது. இரண்டு திசைக்கும் ஒரே எடைச் சீட்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கழிவு இருந்தால் அதைத் தனியாக எடை போட்டுக் காட்டட்டும். பாக்ஸ் ஃபைல் கூடுகளை நீங்களே கழற்றி வைத்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. 240 ஃபைல், ஒன்றுக்கு ஒரு நிமிடம், நான்கு மணி நேர வேலை. 120 கிலோவுக்கு 1,200 ரூபாயும் அதன் வரியும் மிச்சம், கூடு நல்ல நிலையில் இருந்தால் மறுபடி பயன்படும்.

சேவைக் கட்டணத்தில் தாள் விலையைக் கழித்து ஒரே பில் போடுபவர்கள் உண்டு. வசதிதான், ஆனால் ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர்கள் உங்களுக்குச் செய்வது சேவை, நீங்கள் அவர்களுக்கு விற்பது கழிவுத்தாள்; இரண்டும் தனித்தனி வழங்கல், தனித்தனி வரி விகிதம். இரண்டு பில்.

எவையெல்லாம் தாளின் தரத்தைக் கெடுக்கும்? ஸ்டேப்பிள் முள்ளைப் பிடுங்க ஆள் போடாதீர்கள், பெரிய இயந்திரமும் ஆலையின் கூழ்த்தொட்டியும் அதைச் சமாளிக்கும். பிடுங்க வேண்டியவை லீவர் கிளிப், சிடி, பிளாஸ்டிக் ஃபோல்டர், லேமினேஷன். கார்பன் தாள் நடுவில் கிடக்கும் பழைய வவுச்சர் புத்தகங்கள் கூழையே கறுப்பாக்கும். ரெக்சின் முதுகு வைத்துத் தைத்த லெட்ஜர்களை பைண்டிங் கடையின் கட்டிங் மெஷினில் முதுகை வெட்டிவிட்டு அனுப்பலாம். ஏடிஎம் சீட்டு, கார்டு மெஷின் ரசீது, ஈசிஜி சுருள் ஆகியவை வெப்பத்தாள்; அதன் ரசாயனப் பூச்சு மறுசுழற்சிக்கு ஆகாது, தனி மூட்டையாகக் கட்டுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம் காகிதமே இல்லை. அதில் வெள்ளி இருக்கிறது, அதற்கு வேறு ஆள்.

சிலர் சான்றிதழில் இத்தனை டன்னுக்கு இத்தனை மரம் காப்பாற்றினீர்கள் என்று பச்சை இலை போட்டு அச்சடித்துத் தருகிறார்கள். கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் ஆலை ஓடுகிற மாநிலத்தில் எந்த மரத்தை எண்ணினார்களோ.

வழி இரண்டு: வாசலுக்கே வரும் அரவை வண்டி

கண்ணெதிரே அரைபடும். வங்கி, சட்ட நிறுவனம், கம்பெனிகளின் ஆர் அண்ட் டி (ஆராய்ச்சி) பிரிவு ஆகியவற்றுக்கு ஏற்றது. கிலோ 16 ரூபாய் என்று வைத்தால் நம் சரக்குக்கு 31,680, இறக்குகூலி 4,000 எப்படியும் உண்டு, ஆக 35,680. முதல் வழியைவிட 8,380 அதிகம், தாளுக்கு வரவும் பெரும்பாலும் கிடையாது. இடம்தான் தொல்லை. வண்டி சில மணி நேரம் எஞ்சின் ஓட ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தி.நகரிலோ பாரிமுனையிலோ பகலில் அது நடக்காது. ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குக் கேட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். குறைந்தபட்சக் கட்டணம் எத்தனை கிலோவுக்கு என்றும் கேளுங்கள். 200 கிலோ வைத்துக்கொண்டு 500 கிலோவுக்குக் கட்டுவது இங்கே சகஜம்.

அரவை அளவை இங்கே சொல்லிவிடுகிறோம், முதல் வழிக்கும் பொருந்தும். ஐஎஸ்ஓ/ஐஇசி 21964 என்ற சர்வதேச அரவைத் தரநிலை தாளுக்கு பி-1 முதல் பி-7 வரை ஏழு படிகள் வைத்திருக்கிறது. பி-2 என்பது 6 மி.மீ. பட்டை, ஓர் ஏ4 தாள் 35 பட்டையாகும், பொறுமை இருந்தால் ஒட்டிவிடலாம். பி-4 என்பது 160 சதுர மி.மீ.க்குள், உதாரணம் 4 × 40. ஒரு தாள் கிட்டத்தட்ட 390 துண்டு. பி-5 என்பது 30 சதுர மி.மீ.க்குள், உதாரணம் 2 × 15; இரண்டாயிரத்துக்கு மேல் துண்டுகள். சம்பளப் பட்டியலுக்கும் நோயாளி கோப்புக்கும் பி-4 போதும். பி-5 கேட்டால் இயந்திரத்தின் வேகம் பாதாளத்துக்குப் போகும், விலை ஏறும், தூளுக்கு ஆலை விலை சரியும். தேவையில்லாமல் கேட்காதீர்கள். "கிராஸ் கட்" என்று மட்டும் எழுதியிருக்கும் கொட்டேஷனுக்கு அர்த்தமில்லை, மி.மீ. கேளுங்கள்.

வழி மூன்று: சொந்த ஷ்ரெடர்

தினசரிக் குப்பைக்கு நல்லது. பழைய இருப்புக்கு வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்துத் தாள், கையால் எடுத்துப் போட்டு ஒரு தடவைக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு 60 தாள். 4 லட்சம் தாளுக்கு 110 மணி நேரம். சாதாரண அலுவலக இயந்திரம் 10 நிமிடம் ஓடினால் 30 நிமிடம் ஆற வேண்டும், இல்லையேல் சூட்டில் தானாக நின்றுவிடும். அப்படியானால் 440 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள் 55. அரைத்த தூள் முன்பு இருந்ததைப்போல மூன்று நான்கு மடங்கு இடத்தை அடைக்கும், பேல் கட்டாத தூளை யாரும் ஆசையாக வாங்குவதில்லை.

வழி நான்கு: பழைய பேப்பர் கடை

செலவே இல்லை, கையில் காசும் வரும். முழுத்தாளுக்கு அரைத்த தாளைவிட நல்ல விலை கிடைப்பதும் இங்கேதான். ஆனால் கடைக்காரர் நல்ல தாளை ஆலைக்கு அனுப்பும் முன்பே ஒரு பகுதி பொட்டலத்துக்குப் போய்விடும். வேர்க்கடலை வாங்கினால் யாருடையதோ வங்கிக் கணக்கு விவரம் கையில் வருவது இந்த வழியில்தான். பெயர், எண் எதுவும் இல்லாத விளம்பரத் தாள், பழைய கேட்டலாக், காலிப் படிவங்கள், அட்டை ஆகியவற்றுக்கு மட்டும் இந்த வழி. அவற்றை முன்கூட்டியே பிரித்து இங்கே விற்றால் அரவைக்குப் போகும் கிலோவும் குறையும்.

வெளிக் குடோனில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

ஆவணச் சேமிப்பு நிறுவனங்களில் மாத வாடகை சின்னது, வெளியே எடுக்கும் கட்டணம் பெரியது. ஒரு பெட்டிக்கு வாடகை 8 ரூபாய், நிரந்தரமாக எடுக்க 60, அழிக்க 50 என்றால் வெளியேறும் செலவு 110, ஏறத்தாழ 14 மாத வாடகை. "இன்னும் ஒரு வருஷம் கிடக்கட்டும், அதுவே மலிவு" என்று கணக்குப்பிரிவு சொல்லும். கணக்கு தப்பு. அந்த 110 ரூபாய் என்றைக்கானாலும் கொடுக்க வேண்டியது. ஆண்டு உயர்வு விதி இருந்தால் அடுத்த வருடம் கூடும். கிடக்கும் ஒவ்வொரு மாதமும் மேல்செலவுதான். புது ஒப்பந்தம் போடுபவர்கள் வெளியேற்றக் கட்டணத்தை முதல் நாளே பேசி உச்சவரம்பு வைக்க வேண்டும். பெட்டிகள் உள்ளே போனபின் பேரத்துக்குப் பலம் இல்லை.

இன்னொரு செலவு அட்டவணையில் ஒளிந்திருக்கிறது. "பெட்டி 114: கணக்கு, பலவகை" என்று எழுதியிருந்தால் அழிக்கும் முன் அதை வரவழைத்துத் திறந்து பார்த்தாக வேண்டும், எடுப்புக் கட்டணம் தனி. பழைய வவுச்சர்களுக்கு அடியில் நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பேடு கிடந்தால் அது நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. உறுப்பினர் பதிவேடும் அப்படியே. கணக்குப் புத்தகங்களுக்குக் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128 சொல்வது 8 நிதியாண்டு. ஜிஎஸ்டி பதிவுகளுக்கு ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். மேல்முறையீடு நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரை அல்லது அந்த 72 மாதம், எது பிந்தியதோ அதுவரை. உள்நோயாளி கோப்புகளுக்கு மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளில் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு, வழக்கு இருந்தால் அது முடியும்வரை தொடக்கூடாது. மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பொது ஆவணங்கள் சட்டம் 1993 தனியாக இருக்கிறது; அங்கே ஷ்ரெடர் கொட்டேஷனுக்கு முன் ஆவணப் பரிசீலனை முடிய வேண்டும்.

சான்றிதழும் கடைசித் தவணையும்

அழிப்புச் சான்றிதழில் தேதி, இடம், எடைச் சீட்டு எண், நிகர எடை, துண்டின் அளவு மி.மீ.யில், பெட்டி அல்லது சீல் எண்கள், வண்டி எண், இரு தரப்புச் சாட்சிகள் இருக்க வேண்டும். வண்டி எடுத்துப்போன அன்றே சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தால் சந்தேகப்படுங்கள்; இரண்டு டன்னை அதற்குள் உண்மையிலேயே இறக்கி அரைத்தார்களா என்று கேளுங்கள். எடைச் சீட்டில் 1,976 என்றிருந்து சான்றிதழில் 2,000 என்று அழகாக முடிந்திருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். நெய்ட் ஏஏஏ (ஆவண அழிப்பு நிறுவனங்களுக்கான சர்வதேசச் சான்று) வைத்திருக்கிறோம் என்பவர்களிடம் அது எந்த முகவரிக்கு, வாசல் அரவைக்கா குடோன் அரவைக்கா என்று கேளுங்கள். சான்று தலைமையகத்துக்கு இருக்கலாம், உங்கள் தாள் போவது வேறு குடோனுக்காக இருக்கலாம்.

பணத்தை இரண்டு தவணையாகப் பிரியுங்கள். எடுத்துப்போனதும் 60 சதவீதம். மீதி, சான்றிதழும் பேல் ஆலைக்குப் போன டெலிவரி சலானின் நகலும் சேர்ந்து வந்த பிறகு. இந்த நிபந்தனையைக் கொட்டேஷன் கேட்கும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். பேலை எந்த ஆலைக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லத் தயங்குபவர் அப்போதே ஒதுங்கிக்கொள்வார், உங்களுக்கு ஒப்பிட வேண்டிய கொட்டேஷன் ஒன்று குறையும்.